பின் இருக்கையில் உட்காராத மனிதர்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் எல்லாருக்கும் அவர் பிரேக் மாஸ்டர்தான். இருபத்தாறு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஓட்டிப் பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கின்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, “பிரேக்கு, பிரேக்கு” என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. தட்டில் சோறு கொஞ்சம் கூடுதலாக விழுந்தால்கூட அவர் கால் தரையை அழுத்தும் என்று அவர் மனைவி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த இருபத்தாறு வருஷமும் அவர் விரலிடுக்கில் ஒரு சிகரெட் இருந்தது. தெரியாதவன் கையில் உயிரை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பிடிமானம் ஏதாவது வேண்டாமா என்று கேட்பார். கடவுளைப் பிடித்துக்கொள்ளலாமே என்று மனைவி சொல்வார். அவர் எங்கேயும் இருப்பவர், ஆனால் பாக்கெட்டில் இருப்பது இதுதானே என்பார் மாஸ்டர். இருந்தாலும் நாகரிகம் தெரிந்த மனுஷன். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி, புகையை வெளியே பார்த்துத்தான் ஊதுவார். புகையும் நல்ல பிள்ளையாக வெளியே போய்விடுகிறது என்று முழுசாக நம்பினார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் மகள் வந்து, தான் உண்டாகியிருப்பதைச் சொன்னாள். மாஸ்டர் நேராக வாசலுக்குப் போய்ச் சிகரெட் பாக்கெட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். யாரிடமும் சொல்லவுமில்லை. அடுப்படித் தீப்பெட்டி மூன்று நாளாக வைத்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்துத்தான் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. தீப்பெட்டியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த நாளிலிருந்து மாஸ்டருக்கு ஒரே ஆசை. ஆஸ்பத்திரியிலிருந்து பேரக்குழந்தையைத் தன் காரில், தன் கையால் ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிய வண்டியில் சொந்தப் பிள்ளை ஏற வேண்டாமா?

மகள் ஒரு நாள் அந்த ஆசையின் தலையில் கல்லைப் போட்டாள்.

“அப்பா, அந்த வண்டி நாறுதுப்பா. சிகரெட்டை நீங்க விட்டுட்டீங்க, அது இன்னும் விடலை. பிள்ளைய அதுல ஏத்த மாட்டேன். மாமா வண்டியில வந்துக்கறோம்.”

மாமா என்பது அவள் மாமனார். அவரிடம் புத்தம்புதுக் கார் இருந்தது. இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. சம்பந்தி நல்ல மனிதர், கேட்காமலே உதவுகிறவர். மாஸ்டருக்கு அவரிடம் இருந்த ஒரே குறையும் அதுதான்.

மறுநாளே மாஸ்டர் களத்தில் இறங்கினார். முதலில் வாசனை அட்டைகள் மூன்று வாங்கிக் கண்ணாடிக்குக் கீழே தொங்கவிட்டார். மகள் கதவைத் திறந்தாள், மூடினாள். ரோஜாத் தோட்டத்தில் யாரோ திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யாரோ வினிகரைக் கிண்ணத்தில் ஊற்றி வண்டிக்குள் வைக்கச் சொன்னார்கள். அதை எடுத்து வைக்க மறந்து பாடத்துக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்குப் பழக வந்தவர் தபால் நிலையத்து அம்மாள். கிளட்சிலிருந்து காலை அவர் எடுக்கிற விதத்தில் வண்டி தவளை மாதிரி தாவும். இரண்டாவது தாவலில் வினிகர் மாஸ்டரின் மடிக்கு வந்துவிட்டது. மறுவாரம் கரித்துண்டுகளைத் தட்டில் பரப்பி வைத்தார். அதே அம்மாள், அதே கிளட்சு. மாஸ்டர் வீடு திரும்பியபோது, பாடம் எடுக்கத்தானே போனீர்கள், அடுப்பு மூட்டவா போனீர்கள் என்று மனைவி கேட்டார்.

ஆனாலும் மனுஷன் சளைக்கவில்லை. முன் இருக்கை இரண்டையும் சோப்பு நுரை போட்டுத் தேய்த்தார். கால்மிதிகளைத் துவைத்தார். சாம்பல் கிண்ணத்தைக் கழற்றித் தூரப் போட்டார். கண்ணாடியை உள்பக்கம் துடைத்த துணி தேநீர்க் கறையாக வந்தது. மெக்கானிக் சிநேகிதர் ஒருவர் பக்கத்து இருக்கைக்கு எதிரே இருக்கிற சாமான் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்து ஏசியின் காற்று வடிகட்டியை உருவினார். அது அடுப்புப் புகைபோக்கியில் எடுத்தது போலக் கறுத்திருந்தது. புதிது ஒன்று போட்டார்கள்.

மாஸ்டர் முன்னால் உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். துளி வாடை இல்லை. பழக வருகிறவர்களிடமும் கேட்டார். பரீட்சைக்குப் போக வேண்டியவர்கள் வாத்தியாரிடம் என்ன சொல்வார்கள்? பிரமாதமாக இருக்கிறது என்றார்கள். தபால் நிலையத்து அம்மாள் மட்டும் கொஞ்சம் யோசித்து, வினிகர் வாடை போய்விட்டது என்றார்.

மகளை அழைத்தார். ஒன்பதாம் மாத வயிற்றோடு வந்து, பின் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பிடித்தாள்.

மாஸ்டருக்கு முகம் தொங்கிவிட்டது. இது வாடையே இல்லை, மனசு என்று மனைவியிடம் முனகினார். கர்ப்பிணிக்குத் தண்ணீர்கூட நாறும், சம்பந்தியின் புதுக்கார் அவள் கண்ணை மறைக்கிறது என்றெல்லாம் அடுக்கினார். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, கார்ச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“ஏங்க, ஒரு தடவை பின்னால போய் உக்காருங்க. கண்ணாடிய ஏத்திட்டு.”

அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. அந்தக் காரில் அவர் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. பாடமென்றால் பக்கத்து இருக்கை. குடும்பமென்றால் ஓட்டுகிற இருக்கை. கார் வாங்கிய முதல் மாதம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஒரு ஆட்டைப் பார்த்துப் பயந்து இரண்டாவது பிரேக்கை மிதித்துவிட்டார். அன்றைக்கே, வீட்டு ஆட்கள் எல்லாரும் பின்னால்தான் என்று சட்டம் போட்டவர் அவர்தான்.

உச்சி வெயில். வாசலில் நின்ற காருக்குள் பின்னால் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றினார். எட்டு மாதமாகப் புகை படாத மூக்கு இப்போதுதான் பிறந்த மூக்கு மாதிரி இருந்தது. சூட்டில் மேல்கூரைத் துணி இளகி, இருக்கைப் பஞ்சு இளகி, இருபத்தாறு வருஷத்துப் புகை மொத்தமாக இறங்கிவந்து அவர் மடியில் உட்கார்ந்தது. எந்தப் பாவி என் வண்டியில் சிகரெட் பிடித்தான் என்று ஒரு கணம் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. பிறகு தெரிந்தது, அந்தப் பாவியை அவருக்கு நன்றாகத் தெரியும். முன் ஜன்னல் வழியாக அவர் ஊதியதெல்லாம் காற்றோடு திரும்பி வந்து பின்னால்தான் இடம் பிடித்திருக்கிறது.

அந்த இடத்தில்தான் மகள் பத்து வருஷம் பள்ளிக்கூடம் போனாள்.

வெளியே வந்தவருக்குக் கண் கலங்கியிருந்தது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

“நீ எப்படி இத்தனை வருஷம் உக்காந்து வந்தே?”

“சக்களத்தியோடதானே குடும்பம் நடத்தினேன், அவகூட வண்டியில வர்றதுக்கு என்ன?” என்றார் மனைவி. “அவ வீட்டை விட்டுப் போய் எட்டு மாசமாச்சு. மூட்டை முடிச்சு மட்டும் வண்டியில கிடக்கு. எடுத்துப் போடுங்க.”

அந்த வாரம் பாடங்களுக்கு விடுமுறை விட்டார். பின் இருக்கையைக் கழற்றி வெயிலில் போட்டு, சமையல் சோடாவைத் தூவி, ஒரு நாள் அப்படியே விட்டு, தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் இழுத்து எடுத்தார். மேல்கூரைத் துணியை அதிகம் நனைத்தால் பசை விட்டுத் தொங்கிவிடும் என்று மெக்கானிக் எச்சரித்திருந்தார். பிழிந்த துணியால், காய்ச்சல்காரனுக்குப் பத்துப் போடுகிற மாதிரி ஒற்றி ஒற்றி எடுத்தார். கடைசியாக இருக்கை வார்கள், அதாவது சீட் பெல்ட்டுகள். சுருளுக்குள் ஒளிந்திருந்த நீளத்தையெல்லாம் இழுத்து, ஓடிவிடாமல் துணிக்கொடிக் கிளிப்பை மாட்டி, வாளிக்குள் நுரையில் அமுக்கினார். தண்ணீர் கஷாயமாக வந்தது. மூன்று வாளி மாற்றினார். இழுக்க இழுக்க நீளுகிறதே, என் பாவம் இவ்வளவு நீளமா என்று கேட்டார். கழுவினால் போகிற பாவம்தான், கழுவுங்கள் என்று மனைவி நாலாவது வாளியைக் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த வாரமே பேத்தி பிறந்தாள். கடவுள் புண்ணியத்தில் தாயும் பிள்ளையும் சுகம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு கார்கள் நின்றன. சம்பந்தியின் கார் பளபளத்தது. மாஸ்டரின் கார், கூரையில் தன் பயிற்சிப் பலகையோடு, பள்ளிக்கூடத்துக்குத் தலைவாரி அனுப்பிய பிள்ளைபோல நின்றது.

மகள் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பின் கதவைத் திறந்து குனிந்தாள். இருக்கையை முகர்ந்தாள். வாரை இழுத்து முகர்ந்தாள். மாஸ்டர் பரீட்சை அதிகாரி முன்னால் நிற்கிற மாணவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

“அப்பா, இது உங்க வண்டி மாதிரியே இல்ல” என்றாள். பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்து, குழந்தைக்குக் கையை நீட்டினாள்.

சம்பந்திக்குப் பேத்தியை விட்டுப் போக மனசு வரவில்லை. தன் காரை மகன் ஓட்டிவரட்டும் என்று சொல்லிவிட்டு, மாஸ்டருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். “சம்பந்தி, காலை மட்டும் மடக்கி வச்சுக்குங்க, கீழ ஒரு பிரேக் இருக்கு” என்று மாஸ்டர் பணிவாகச் சொன்னார்.

கார் கிளம்பியது. எறும்பு மாதிரி ஊர்ந்தால் பரீட்சையில் தோற்றுவிடுவீர்கள் என்று ஆயிரம் பேரைத் திட்டியவர், அன்றைக்கு ஓட்டியதில் இரண்டு சைக்கிளும் ஒரு தள்ளுவண்டியும் அவரை முந்திப் போயின.

முதல் திருப்பத்தில் பின்னாலிருந்து ஒரு சின்னத் தும்மல் கேட்டது. இரண்டு பிரேக்கும் ஒரே நேரத்தில் இறங்க, கார் நட்டநடுச் சாலையில் நின்றது. இரண்டு தாத்தாக்களும் ஒன்றாகத் திரும்பினார்கள். மாஸ்டர் முகத்தில் ரத்தமே இல்லை. மகள் குழந்தையைப் பார்த்தாள், கூரைத் துணியைப் பார்த்தாள், மூச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்து, வாடை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

மாஸ்டரின் மனைவி முந்தானையால் குழந்தையின் முகத்துக்கு நிழல் பிடித்தார்.

“வெயில் கண்ணுல பட்டுது, தும்முறா. காலை எடுங்க, ரெண்டு பேரும்.”