ஆளுநர் கைகொடுத்த பிறகு

டண்டினொங்கில் எங்கள் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு மாநில ஆளுநர் அம்மையாரைப் பிரதம விருந்தினராக அழைத்தோம். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்று சொல்லி வரவேற்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அவர் வந்திறங்கிய காரில் நம்பர் பிளேட் இல்லை. அந்த இடத்தில் ஒரு கிரீடம் மட்டும். அரசரின் பிரதிநிதி அல்லவா? மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. எங்கள் சனத்துக்கு எழுந்து நிற்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாலை போட்டவர் படகில் வந்த ஒரு தம்பி. கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது; நீதிமன்றத்தில் முறையிடச் சில வாரங்களே இருந்தன. வழக்கறிஞரிடம் அவருக்காக மொழிபெயர்ப்பவள் நான். மாலையைப் போட்ட கையோடு, பாடமாக்கி வைத்திருந்த இரண்டு ஆங்கில வசனங்களை அவர் ஆளுநரிடம் சொன்னார். ஊருக்கு அனுப்பினால் தன்னை உயிரோடு விடமாட்டார்கள் என்பது ஒன்று. மகளைக் கைக்குழந்தையாகப் பார்த்ததுதான் என்பது மற்றது. ஆளுநர் அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். "சொன்னதற்கு நன்றி" என்றார், அவ்வளவுதான். தம்பியின் முகம் விசாவே கையில் கிடைத்ததுபோல மலர்ந்தது.

அதன்பிறகு தம்பி வழக்கறிஞரின் போனை எடுக்கவேயில்லை. தவணை முடியும் நாளில் வழக்கறிஞர் என்னைக் கூப்பிட்டார். ஐந்து மணிக்கு முன் முறையீட்டுக்கான சத்தியக்கடதாசியில் தம்பியின் கையெழுத்து வேண்டும் என்றார். கிளென் வேவர்லியிலிருந்து தம்பியின் வீட்டுக்குக் காரை விரட்டிக்கொண்டு போனேன்.

தம்பி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. மனைவியையும் மகளையும் இங்கே வருவதற்குப் பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லிவிட்டாராம்.

"வெளிக்கிடுங்கோ தம்பி. இண்டைக்குத்தான் கடைசி நாள்."

"வேண்டாம் அக்கா. அவ என்ர கையைப் பிடிச்சவ. இனி நான் அரசாங்கத்துக்கு எதிரா வழக்குப் போட்டா, அவவை நம்பேல்லை எண்டெல்லே ஆகும்?"

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினேன். விசா கன்பராவில் இருக்கும் மத்திய அரசின் விஷயம். விழாவுக்கு வந்தவர் இந்த மாநிலத்துக்குத்தான் ஆளுநர். கன்பராவில் அரசருக்கு வேறொரு பிரதிநிதி இருக்கிறார். அவரும் மந்திரிமார் நீட்டும் கடதாசியில் கையெழுத்து வைப்பவர்தான். இந்த நாட்டில் மேலே போகப் போக மரியாதை கூடும், அதிகாரம் குறையும்.

"அப்ப அரசர்?"

"அவரும் மந்திரிமார் சொல்லுறபடிதான்."

தம்பி சிரித்தார். "பேக்காட்டி ஏமாத்தாதேங்கோ அக்கா. ஒண்டும் செய்யேலாத ஆளுக்கு ஆரும் எழும்பி நிப்பினமோ?"

எனக்குக் கெட்ட கோபம் வந்தது. மந்திரிமாருக்குத் தலைக்கனம் ஏறாமலிருக்க மேலே ஒரு கிரீடம் இருப்பது நல்லது என்று என் பிள்ளைகளுக்கு நானே விளக்கம் கொடுத்திருக்கிறேன். இந்தக் குசினியில் நின்று அதை ஒருநாளும் யோசித்ததில்லை. இவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாமா என்றுகூட நினைத்தேன்.

ஐந்து மணி ஆகப்போகும்போது என் போன் அடித்தது. வழக்கறிஞர். தம்பி அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, சத்தத்தை நிறுத்தி, மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"எடுக்காதேங்கோ அக்கா. ஆளுநருக்குத் தெரிஞ்சா மனம் நோகும்."