கிணறு இல்லாத வீடு

மகளும் மருமகனும் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால் பேத்தி பிரிக்பீல்ட்சில் என்னோடுதான் இருக்கிறாள். அவளுடைய வகுப்பாசிரியை மறுநாள் பாடத்தைத் தாமே வாசித்துக் கைப்பேசியில் அனுப்பிவிடுவார். நேற்று தெருவோர ஒட்டுக்கடையில் கோப்பிக்குக் காத்திருந்தபோது அந்தக் குரல் வந்தது. "தாத்தா, பாட்டிங்களுக்கும் சேர்த்துதான், மெதுவா வாசிக்கிறேன்" என்று ஆரம்பித்தார். கோப்பித் தூளில் கொதிநீர் விழுந்த வாசனை அப்போதுதான் எழுந்தது. கோப்பியை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலிப் பால் டின்னில் கோப்பி கட்டிக் கொடுத்த காலம் உங்களுக்கு நினைவிருக்கலாம். டின்னின் மூடியை முழுக்க வெட்டாமல் மடக்கி, ஓட்டை போட்டு, கயிறு கோத்துத் தருவார்கள். சைக்கிள் கைப்பிடியில் அது ஆடிக்கொண்டே வரும். முனியாண்டித் தாத்தாவின் சைக்கிளில் இரண்டு டின்கள் ஆடும். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

எழுபதுகளின் கடைசி அது. துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரான் பக்கம் ஒரு பலகைக் கட்டடத் தமிழ்ப்பள்ளியில் நான் புது வாத்தியார், சேர்ந்து இரண்டாவது வருடம். காதை மூடிய முடி, தரையைப் பெருக்கும் கால்சட்டை. உலகத்துக்கே பாடம் நடத்த வந்தவன் என்ற நினைப்பு. தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். அவர் பேத்தி சரசு என்னிடம் ஒன்றாம் வகுப்பில் படித்தாள். அம்மா தொழிற்சாலை ஹாஸ்டலில் இருந்தாள். அப்பா லோரி ஓட்டப் போனவர், திரும்பவில்லை. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அவர் ஒரு வழி வைத்திருந்தார். தினமும் ஓய்வு நேரத்தில் வந்து ஆசிரியர் அறை ஜன்னலருகே நிற்பார். "நாளைக்கு என்னா பாடம் சார்? ஒருவாட்டி படிங்க" என்பார். நான் வாசிக்க, கண்ணை மூடிக் கேட்பார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே முணுமுணுத்தபடி போவார். மாலையில் சரசு புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, இவர் துணி துவைத்தபடியே மனப்பாடத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். வகுப்பிலேயே நன்றாக வாசித்தவள் அவள்தான். அந்தப் பெருமையில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். கோப்பியையும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் அறையில் ஒரு கேரம் பலகை இருந்தது. கேரம் பற்றித் தனியாகவே எழுதலாம். சிவப்புக் காயைப் போட்டுவிட்டால் எனக்குச் சம்பளம் வந்த மாதிரி. அன்றைக்குச் சிவப்பு குழியின் வாயில் நின்றது. அந்த நேரம் பார்த்துத் தாத்தா வந்தார். நாளைய பாடம் 'எங்கள் வீடு'. அந்த வருடம் புதுப் புத்தகம் வந்திருந்தது. அதை எடுக்க எழுந்து போகவேண்டும். போன வருடம் நடத்திய பாடம்தான் மனப்பாடமாயிற்றே என்று, பலகையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன்: "எங்கள் வீடு சிறிய வீடு. வீட்டின் முன்னே கிணறு உண்டு." தாத்தா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்தார். நன்றாக வாசிப்பவர்களை 'ஏ' வகுப்பிலும் மற்றவர்களை 'பி' வகுப்பிலும் பிரிக்கும் நாள் அது. சரசுவிடம் புதுப் பாடத்தைக் காட்டினார். பக்கத்தில் ஒரு பலகை வீடும் ரம்புத்தான் மரமும் பெரிதாக வரையப்பட்டிருந்தன. சரசு 'ரம்புத்தான்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். "வீட்டின் முன்னே கிணறு உண்டு" என்றாள்.

"இது வாசிக்கல, பாட்டு பாடுது" என்று தலைமையாசிரியர் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். சரசு பையை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் பின்னால் இருந்த 'பி' வகுப்புக்குப் போனாள்.

நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் கேரம் தெரியவரும், புதுப் புத்தகத்தைத் திறக்காதது தெரியவரும். வேலை இன்னும் நிரந்தரமாகாதவன் நான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நாளைக்குத் தாத்தாவே வந்தார்.

"புள்ள ரம்புத்தான்னுதான் படிச்சா சார். நாந்தான் விடல. வாத்தியார் சொன்னது தப்பாவா இருக்கும்னு அதட்டிட்டேன்." காதைத் தொட்டுக் காட்டினார். "கப்பல்ல மூட்டை தூக்குற வின்ச் சத்தத்திலேயே போன காது. நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க."

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். "பரவாயில்ல தாத்தா, வயசாச்சுல்ல" என்றேன் நான்.

"இனிமே நான் வரல சார். நான் சொல்லிக் குடுத்தா புள்ள இன்னும் கெட்டுப்போவும்."

அதற்குப் பிறகு சரசுவின் பாடத்தை வீட்டில் யாரும் கேட்கவில்லை. வருடக் கடைசியில் நான் சாலாக் செலாத்தானுக்கு மாற்றலாகிப் போனேன். அவள் எந்த வகுப்போடு நின்றாள் என்று தெரியாது. தெரிந்துகொள்ள நான் போகவுமில்லை.

பலகைப் பள்ளி இருந்த இடத்தில் இப்போது கொள்கலன்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது. பால் டின்னில் கோப்பி கட்டித் தருகிறவர்களும் இல்லை. எல்லாம் பிளாஸ்டிக் பை. ஆசிரியை அனுப்பும் பாடத்தைப் பேத்திக்கு முன்னால் நான் இரண்டு தடவை கேட்கிறேன், பிறகு புத்தகத்தையும் திறந்து பார்க்கிறேன்.

கடைசியாக வந்த அன்றைக்கும் தாத்தா எனக்கு ஒரு டின் கொண்டுவந்திருந்தார். ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்தேன்.