பையில் ஒரு மாலை

ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், ஒரு தொழிற்சங்கத்தின் தேயிலைத் தோட்டத் தலைவர். பழைய கோட்டு, கழுத்தில் மப்ளர், மடியில் ஒரு பை. பைக்குள் பிளாஸ்டிக் பூமாலை. எங்கே போனாலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் போவாராம்.

எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குத் தண்ணீர் தரும் ஊற்றுக்கு மேலே காட்டை வெட்டப் போகிறார்கள். வாத்தியாரான நான், அதற்கு உத்தரவு தரும் அதிகாரியிடம் கொடுக்க நாற்பது பக்க மனு எழுதியிருந்தேன்.

"இதக் குடுத்துட்டு நான் ஒதுங்கிடுவேங்க" என்றேன்.

அவர் மனுவைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இத யாரு மாஸ்டர் படிப்பாங்க? சங்கத்துல நாங்க நன்றிதான் சொல்லுவோம். 'காட்டக் காப்பாத்துன ஐயாவுக்கு நன்றி'ன்னு மாலையப் போட்டு போட்டோ எடுத்துருங்க. அப்பறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வெட்டச் சொல்லுவாரு?"

"அவர் இன்னும் காப்பாத்தலையேங்க?"

"காப்பாத்துனவருக்கு எதுக்கு மாலை?"

நுவரெலியாவில் இறங்கும்போது அவர் அந்த மாலையை என் கழுத்தில் போட்டார். "கடைசி வரைக்கும் ஒதுங்காம நின்ன மாஸ்டருக்கு நன்றி!" என்று சத்தமாகச் சொன்னார். பஸ்ஸே கைதட்டியது. கண்டக்டர் போட்டோ எடுத்தார்.

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. மாலை இப்போது என் பையில் இருக்கிறது. ஒதுங்கத்தான் முடியவில்லை.