சகிகோவின் தட்டில் முளைத்த குழாய்கள்

சகிகோவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. குமமோத்தோவில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. மதியச் சோற்றை நின்றுகொண்டே விழுங்கிவிடுவாள். டிராமில் இடம் காலியாக இருந்தாலும் கதவருகே போய் நிற்பாள். அவளுக்கு வாய்த்த வேலையோ, மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் செய்யவேண்டியது.

எலியின் கருவில் சிறுநீரகம் உருவாகத் தொடங்கும்போது அது எள்ளில் பாதிகூட இருக்காது. அதை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, சுற்றியிருக்கும் சதையிலிருந்து ஊசியால் பிரித்தெடுத்து, சத்துநீர் ஊற்றிய தட்டில் வளர்ப்பாள். அது வளரவும் செய்யும். மரம்போலக் கிளைவிடும், கிளை நுனிகளைச் சுற்றி வடிகட்டிகள் உண்டாகும். ஆனால் அவற்றுக்குள் இரத்தக் குழாய் இருக்காது. இரத்தமே வராத இடத்தில் எதை வடிகட்டுவது?

கருவுக்குள் இருக்கும்போது மட்டும் அந்தக் குழாய்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில் எங்கள் துறையில் இரண்டு கட்சி. பக்கத்தில் ஓடும் பெருந்தமனியிலிருந்து கிளைத்து வெளியிலிருந்து நுழைகின்றன என்பது ஒன்று. சிறுநீரகம் தனக்கு வேண்டியதைத் தன் செல்களிலிருந்து தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பது மற்றது. எங்கள் பேராசிரியர் கனமாரு இரண்டாவது கட்சி. அந்தப் பிடிவாதத்திலேயே அவருக்குத் தலை நரைத்தது.

சகிகோவின் அண்ணன் தெட்சுஜி ஷிரகாவா ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, ஒன்றுவிட்டு ஒருநாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு படுத்துக் கிடப்பவர். சகிகோ தன்னுடையதில் ஒன்றைத் தர முன்வந்தாள். அவர் உடம்பு அதை ஏற்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்த வேலைக்கு வந்தாயா என்று கேட்டால், வேறெங்கும் இடம் கிடைக்கவில்லை என்பாள்.

செர்ரி பூத்து உதிர்ந்த சமயம். சகிகோவின் தட்டுகளில் ஒன்றில் குழாய்கள் தெரிந்தன. குழாய்ச் செல்களை மட்டும் சிவப்பாகக் காட்டும் சாயம் போட்டுப் பார்த்தபோது, கிளைகளைச் சுற்றி மெல்லிய சிவப்பு வலை. சில வடிகட்டிகளுக்குள்கூட அது நுழைந்திருந்தது. கனமாரு குனிந்து பார்த்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. சகிகோ மாடிப்படியில் இறங்கி ஓடி, வாசலில் நின்று அண்ணனுக்குப் போன் செய்தாள். அன்று மாலைக்குள் சுத்திகரிப்பு வார்டு முழுவதற்கும் செய்தி தெரிந்துவிட்டது. தங்கச்சி தட்டில் சிறுநீரகம் வளர்க்கிறாள், அதில் இரத்தமும் ஓடப்போகிறது, அடுத்த கோடையில் நான் தர்பூசணி முழுசாகத் தின்பேன் என்று தெட்சுஜி படுக்கை படுக்கையாகச் சொல்லியிருக்கிறார். தண்ணீரே அளந்து குடிக்கவேண்டிய மனிதர்.

சிறுநீரகம் தன் குழாய்களைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்று கட்டுரை எழுதியாயிற்று. இதழுக்கு அனுப்பவேண்டியதுதான் பாக்கி. ஆனால் சகிகோவின் தவிப்பு முன்னைவிடக் கூடிவிட்டது. எழுந்து போவாள், திரும்பி வருவாள், பார்த்த படங்களையே மறுபடி திறப்பாள். சில தட்டுகளில் குழாய் வருகிறது, சிலவற்றில் வருவதே இல்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. கனமாருவுக்கு அது பெரிய விஷயமாகவும் படவில்லை.

ஒருநாள் காலை என் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கணினித் திரைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இத பாரு. குழாய் எல்லாம் ஒரே ஓரத்துல இருந்துதான் கெளம்புது."

"அதனால என்ன?"

"பெருந்தமனி ஒட்டியிருந்த பக்கம் அது. நான் அவசரப்பட்ட நாள்ல எடுத்த சிறுநீரகம் எல்லாத்துலயும் குழாய் இருக்கு. பொறுமையா எடுத்ததுல ஒண்ணுலயும் இல்ல."

எனக்கு உடனே புரிந்தது. புரியாதது போல நின்றேன். அவசரத்தில் அவள் ஊசி வெளிச்சதையைச் சரியாகப் பிரிக்காமல் ஒரு துணுக்கை ஒட்டவிட்டிருக்கலாம். குழாய்கள் அந்தத் துணுக்கிலிருந்து வந்திருக்கலாம். அப்படியானால் கட்டுரையே காலி.

யாரும் கேட்காத சோதனையை அவளே செய்தாள். உடம்பின் எல்லாச் செல்லும் பச்சையாக ஒளிரும் எலி வகை ஒன்று எங்களிடம் உண்டு. சாதாரண எலிக்கருவின் சிறுநீரகத்தைத் துளி சதைகூட ஒட்டாமல் சுத்தமாக எடுத்தாள். பச்சை எலியின் பெருந்தமனி ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, வேண்டுமென்றே அதன் பக்கத்தில் வைத்தாள். குழாய் பச்சையாக ஒளிர்ந்தால் அது வெளியிலிருந்து வந்தது. அது வளரும்வரை அவளைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. தட்டுகளை இளஞ்சூட்டில் வைத்திருக்கும் அடைகாக்கும் பெட்டியைத் திறக்கக்கூடாது என்று தெரிந்தும் அதன் கைப்பிடியில் கைவைத்துவிட்டுத் திரும்பிவருவாள்.

பச்சையாகத்தான் ஒளிர்ந்தது, ஏறக்குறைய முழுவதும்.

கனமாருவிடம் நடைவழியிலேயே சொல்லிவிட்டாள். அவர், இதழுக்கு முதலில் அனுப்பிவிடுவோம், இதைப் பிறகு தனியாகப் பார்ப்போம் என்றாராம். சகிகோ மறுத்தாள்.

"சார், என் கை தப்பு பண்ணிருக்கு. அத நான் கண்ணால பாத்துட்டேன். இனிமே அந்தப் படத்துக்குக் கீழ என் பேரு வராது."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் அவரே அவள் மேசைக்கு வந்து, கட்டுரை வேண்டாம், பச்சைத் தட்டைக் காட்டு என்றார்.

ஆனால் அவளுக்குப் பயம் அண்ணனிடம்தான். நான் தெட்சுஜியிடம்தான் முடிவெட்டிக்கொள்வேன். அந்தச் சனிக்கிழமை பாதி முடிவெட்டிய தலையோடு நாற்காலியில் இருந்தபோது சகிகோ உள்ளே வந்தாள். கடைக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். கண்ணாடியில் தெட்சுஜியின் முகத்தைப் பார்த்தேன். கத்தரிக்கோல் என் காதுக்கு மேலே நின்றுபோனது.

"அப்ப தர்பூசணி கெடையாது," என்றார்.

"கெடையாதுண்ணா. இப்போதைக்கு கெடையாது."

"சின்ன வயசுலயே சொல்வேன், எதையும் அவசரமா பிய்க்காதடின்னு. மீன்ல முள்ளு எடுக்கச் சொன்னா பாதி சதையோட எடுப்ப."

அவர் மறுபடி வெட்டத் தொடங்கினார். "வார்டுல நான் சொல்ல மாட்டேன். பீத்துனது நான்தான், ஆனா இத நீயே வந்து சொல்லு. அவங்களும் உன்னயத்தான் நம்புனாங்க," என்றார்.

போனாள். நானும் கூடப்போனேன். இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருக்க, கட்டில்களுக்கு நடுவே நின்று, கையில் ஒரு தாளும் இல்லாமல் சொன்னாள். சிலர் கண்ணைத் திறக்கவே இல்லை. ஒருவர் டெலிவிஷனின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற இமுரா என்ற அம்மாள் மட்டும் விடவில்லை.

"முழுக்க வெளியேருந்து வந்ததுதானா? உள்ளேருந்து ஒண்ணுகூட இல்லையா?"

சகிகோ தயங்கினாள். பச்சை வலைக்கு நடுவே அங்கங்கே பச்சையில்லாத குழாய்ச் செல்கள் சில இருந்தன. அவை சிறுநீரகத்தின் சொந்தச் செல்கள். துணுக்கு இல்லாத சுத்தமான தட்டுகளிலும் அவை இருந்தன. ஆனால் தனித்தனிப் புள்ளிகளாகக் கிடந்தன, குழாயாகச் சேரவில்லை. வெளியிலிருந்து குழாய் வந்த இடத்தில் மட்டும் அதோடு கோத்துக்கொண்டிருந்தன. அதற்கு என்ன பொருள் என்று அவள் இன்னும் யாரிடமும் பேசியிருக்கவில்லை.

"கொஞ்சம் இருக்கும்மா. ஆனா தனியா இருந்தா அதுங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

"அப்ப அதப் பாரு," என்றாள் அந்த அம்மாள், கண்ணை மூடிக்கொண்டு.

அதைத்தான் பார்த்தாள். வெளியிலிருந்து வரும் செல்கள் உள்ளே காத்திருப்பவற்றை எப்படிச் சேர்த்துக்கொள்கின்றன என்பது இரண்டாவது கட்டுரையானது. முதலாவதைவிடச் சிறியது, எந்தச் செய்தித்தாளும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு கட்சியும் பாதி சரி என்று எழுதியதால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கோபம். கியோத்தோ மாநாட்டில் அதைப் படித்தது கனமாருதான். தன் பழைய கருத்து தவறு என்பதை முதல் படத்திலேயே காட்டினார்.

தெட்சுஜி இன்னும் இயந்திரத்துக்குப் போய்வருகிறார். இமுரா அம்மாள் சென்ற குளிர்காலத்தில் இறந்துபோனாள். இறுதிச்சடங்கு நடந்த மண்டபத்தில் சகிகோ கடைசி வரிசையில், ஊதுபத்திப் புகைக்கு நடுவே, பிரார்த்தனை முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.