ஹாரிங்டன் கட்டடத்தில் காமாக்ஷி விலாஸ்

பாங்க்கை முறைத்தாகிவிட்டது. இப்போது சர்ச் கட்டடத்தை முறைத்துக்கொண்டிருக்கிறாள் ஜலஜா மாமி. காலையில் காரை நிறுத்தியதும் மெயின் ஸ்ட்ரீட்டின் எதிர்ச்சாரியில் ஒரு நடை போய், ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் தன் ஹோட்டல் பூட்டைத் திறப்பாள். உடம்பில் நைலக்ஸ் புடவை, அதன் மேல் கணவரின் பழைய ஆபீஸ் கோட்டு, காலில் கான்வாஸ் ஷூ. குளிரோ மழையோ, இந்த நடை தவறாது.

"அது பாங்க்கா இருந்தது. இப்ப கார்ப்பெட் விக்கறான். யாராவது செக்கைத் தூக்கிண்டு உள்ள போறாளா? இந்த சர்ச்சுல பழைய நாற்காலி விக்கறான். யாராவது முட்டி போட்டு ப்ரே பண்றாளா? என் கட்டடத்துல மட்டும்தான், நம்ம ஜனங்க கண்ணுக்கு இன்னும் பொணம் கிடக்கு."

நியூ ஜெர்சியின் சின்ன ஊர்களில் இப்போது இதுதான் கதை. ஜனங்கள் எல்லாம் மாலுக்கு ஓடிவிட்டார்கள். நூறு வருஷத்துக் கட்டடங்கள் கிடைத்த வேஷத்தைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. சினிமா தியேட்டர் மருந்துக் கடையாகிவிட்டது. தபால் ஆபீஸில் வீடியோ கேசட் வாடகைக்குத் தருகிறார்கள். தெருக்கோடியில் வெள்ளைத் தூண்கள் வைத்த வீடுதான் மாமியின் ஹோட்டல். மூன்று தலைமுறையாக ஹாரிங்டன் குடும்பம் அங்கே ஊர்ப் பிணங்களைக் குளிப்பாட்டி, சூட்டு மாட்டி, பெட்டியில் கிடத்தி, உறவுக்காரர்கள் பார்க்க வைத்திருந்தது. பேரன்கள் ஃப்ளோரிடாவுக்குப் போய்விட, கட்டடம் சல்லிசாக விலைக்கு வந்தது. மாமியின் கணவர் சுவாமிநாதனை அவருடைய கெமிக்கல் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியதும் அதே சமயம்தான்.

"பெரிய ஹால். அகலமான கதவு. ஊர்வலமா வர கார் எல்லாம் நிறுத்தற மாதிரி பார்க்கிங். கல்யாணத்துக்குன்னே கட்டி வெச்சாப்பல இருந்தது. எனக்கு அதுதான் கண்ணுல பட்டது, வேற ஒண்ணும் படலை" என்பாள் மாமி.

ஒன்றும் செய்யாமல் குடிபோகவில்லை. குவீன்ஸிலிருந்து சாஸ்திரிகளை வரவழைத்து, புண்யாகவாசனம், கணபதி ஹோமம் எல்லாம் செய்தார்கள். புகையில் அலாரம் அலறி, தீயணைப்பு வண்டி வந்து நின்றது. வந்தவர்களுக்கு இலை போட்டு இட்லி பரிமாறினாள் மாமி. பெண்ணின் பெயரிலேயே 'காமாக்ஷி விலாஸ்' என்று பலகையும் எழுதியாயிற்று. ஆனால் பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் ஊர்க் கமிட்டி, வாசலில் கல்லில் செதுக்கிய 'ஹாரிங்டன் அண்ட் சன்ஸ்' என்ற பெயரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டது. விலாஸ் அதற்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

வெள்ளைக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "எங்கள் தாத்தாவை இந்தக் கணப்புக்கு முன்னால்தான் வைத்திருந்தார்கள்" என்று ஒரு கிழவர் குஷியாகச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சட்னி கேட்பார். நம்மவர்கள்தான் டாக்டரும் எஞ்சினியருமாக இருந்துகொண்டு, தோசையைப் பொட்டலம் கட்டித் தரச் சொல்லி வாசலிலேயே வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவர்களில் ஒருத்தியான அனந்தலக்ஷ்மி அம்மாள் மருமகளின் சீமந்தத்துக்காக ஹாலைப் பார்க்க வந்தாள். பார்த்தாள், புகழ்ந்தாள், இரண்டு டம்ளர் காபி குடித்தாள். மறுநாள் போன். "எனக்கு ஒண்ணும் இல்ல மாமி. ஆத்துல பெரியவா சங்கடப்படுவா." சங்கடப்பட வேண்டிய பெரியவர்கள் எல்லாம் மாயவரத்தில் இருந்தார்கள். சீமந்தம் ஹைஸ்கூல் ஜிம்மில், கூடைப்பந்து வளையத்துக்கு அடியில் நடந்தது. அதே அனந்தலக்ஷ்மி, மைத்துனர் ஹார்ட் அட்டாக்கில் போனதும் முதல் போன் பண்ணியது மாமிக்குத்தான். "பதிமூணாம் நாளைக்கு உங்க ஹால்தான் தோது."

அன்று முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. சுற்று வட்டாரத் தமிழர் வீடுகளில் யார் கண்ணை மூடினாலும் பதிமூன்றாம் நாள் சாப்பாடு காமாக்ஷி விலாஸில்தான். வடையும் அதிரசமும் பண்ணிப் பண்ணி மாமியின் கை தேய்ந்துவிட்டது. தெரு முழுக்கக் கட்டடங்கள் புது வேலைக்குப் போய்விட்டன; இது மட்டும் பழைய வேலைக்கே திரும்பிவிட்டது. வாரா வாரம் காபி குடிக்க வரும் எனக்கே வயிறு எரிகிறது, மாமிக்கு எப்படி இருக்கும்!

"விடு ஜலஜா. எதுவானா என்ன, கடை ஓடறதோல்லியோ" என்பார் சுவாமிநாதன், கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டே.

"ஓட வேண்டாம். எனக்கு ஒரே ஒரு கல்யாணம் நடக்கணும் இங்க. ஒருத்தி துணிஞ்சா போறும், அப்புறம் எல்லாரும் க்யூல நிப்பா. இந்த வருஷமும் நடக்கலேன்னா, ஹாலைத் தடுத்து அந்த வீடியோ கேசட்காரனுக்குக் குடுத்துடறேன். அவன் கேட்டுண்டேதான் இருக்கான்."

இந்த வசந்தத்தில் அவளுடைய பெண் காமாக்ஷிக்கே வரன் குதிர்ந்தது. பையன் டெக்ஸாஸில், பிளானோவில் எஞ்சினியர். சம்பந்தியம்மாளிடம் மாமி எதையும் மறைக்கவில்லை. "முன்ன எதுவா இருந்தா என்ன, அலம்பித் துடைச்சு நன்னா இருந்தா சரி. சொந்த ஹால்னா உங்களுக்கும் சௌகரியம்" என்றாளாம் அந்தப் புண்ணியவதி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமியின் சொந்தப் பெண் கல்யாணத்துக்கு அனந்தலக்ஷ்மி வராமல் இருக்க முடியுமா? வந்து, பட்டுப்புடவையோடு அந்த ஹாலில் உட்கார்ந்துதானே ஆகவேண்டும்?

போன சனிக்கிழமை காமாக்ஷி நியூயார்க்கிலிருந்து அளவு டேப்போடு வந்திருந்தாள். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஹாலின் குறுக்கும் நெடுக்கும் அளந்துவிட்டு, கணப்புக்கு முன்னால் போய் நின்றாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது.

"அம்மா, மணமேடை ரைட் ஹியர். இட்ஸ் பெர்ஃபெக்ட்!"

மாமி ஏற்கெனவே துடைத்த மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் துணியை அப்படியே போட்டுவிட்டாள். ஹாரிங்டன் வீட்டார் பெட்டியை வைக்கும் இடம் அதுதான் என்பது எனக்கும் தெரியும்.

"அங்க நிக்காதே. இந்தப் பக்கம் வா."

"வொய்? வாட்ஸ் ராங்?"

"வான்னா வா."

காமாக்ஷி டேப்பைச் சுருட்டாமலே வெளியே வந்தாள். மாமி கையை முந்தானையில் துடைத்தாள். "பார்க்கிங் போறாதுடி" என்றாள். ஜன்னலுக்கு வெளியே நிறுத்துமிடம் மைதானமாகக் காலியாகக் கிடந்தது. சுவாமிநாதன் கிரைண்டரை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார்.

டெலிபோன் ஹால் கதவை ஒட்டிய சுவரில் இருக்கிறது. மாமி டர்ன்பைக் நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய ஹோட்டலின் எண்ணைச் சுற்றினாள். புத்தகத்தைப் பார்க்காமலே சுற்றினாள்.

"எஸ், ஜூன். எஸ், வெட்டிங். மை டாட்டர்."

அந்தப் பக்கம் தேதி பார்க்கப் போனார்கள் போலிருக்கிறது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு காத்திருந்த மாமி, எங்கள் யாரையும் பார்க்காமல் இன்னொரு கையை நீட்டி, ஹால் கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.