இடது காலும் இருபத்துமூன்று கையெழுத்தும்

ரெஃப்ரி கடை எது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் அந்த சலூனைக் காட்டுவார்கள். அவர் வாழ்நாளில் விசில் ஊதியவர் இல்லை. பந்தைக் காலால் தொட்டதுகூட இல்லை. டிவியில் நடக்கும் எந்தக் கால்பந்தாட்டத்துக்கும் கடைசித் தீர்ப்பு அவருடையது என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் கடை உரிமத்தில் இருக்கிறது. அதையும் தூசி மூடி வருடக்கணக்காகிறது.

கடை சின்னது. ஒரே ஒரு சுழல் நாற்காலி, அதற்கு எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி, பின்னால் காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. டிவியை மாட்ட பெஞ்சுக்கு மேலே இருந்த சுவரை விட்டால் வேறு இடம் இல்லை. லீக் ஆட்டம் சனி, ஞாயிறு மாலை நாலு மணிக்கு. கடையில் கூட்டம் நெட்டித் தள்ளுவதும் அப்போதுதான். கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தால் யாருடைய காதாவது போய்விடும். ஆகவே அவர் ஆட்டத்தைக் கண்ணாடியில் பார்ப்பார். பெஞ்சில் இருப்பவர்களுக்கும் டிவி தலைக்கு மேலே. அண்ணாந்து கழுத்தைச் சுளுக்கிக்கொள்ளாமல் அவர்களும் எதிரே கண்ணாடியையே பார்ப்பார்கள். பதினாறு வருடப் பழக்கம். திரை மூலையில் இருக்கும் ஸ்கோரை வலமிருந்து இடமாகப் படிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டிலும் ஒரு டிவி உண்டு. அது மனைவியின் தொடர்களுக்குப் பட்டா போட்டது, அதை அவர் தொட முடியாது.

சும்மா சொல்லக் கூடாது, ஆட்டக்காரர்கள் மேல் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கோபமெல்லாம் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேல்தான். வர்ணனையாளர்கள் இரண்டு பேர். ஒருவர், பந்து நடுக்கோட்டைத் தாண்டினாலே கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்துவார். நிஜமாகவே கோல் விழும்போது ஏதோ பெயின்ட் கம்பெனியின் பெயரை வாசித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் பழைய ஆட்டக்காரர். எதைக் கேட்டாலும் தன் காலத்துக்குப் போய்விடுவார், திரும்பி வருவதற்குள் ஒரு கார்னர் கிக் முடிந்திருக்கும். ஒருநாள் இருவரும் சேர்ந்து ஒரு கோல்கீப்பரின் தலைமுடியைப் பற்றி நாலு நிமிடம் பேசினார்கள்.

"முடியைப் பத்திப் பேச நான் இருக்கேன்யா. நீங்க பந்தைப் பத்திப் பேசுங்க," என்றார் ரெஃப்ரி கண்ணாடியிடம். நாற்காலியில் இருந்தவர் தலையாட்டப் போய், காதோர முடியில் ஒரு படி விழுந்துவிட்டது.

இவர்களைக்கூட மன்னித்துவிடலாம். மைதானத்து ஓரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த ஒல்லி நிருபரைத்தான் அவருக்குப் பார்க்கவே ஆகாது. ஜெயித்தவனிடமும் அவன் கேட்பது ஒரே கேள்வி, "இப்போ எப்படி உணர்றீங்க?" தோற்றவனிடமும் அதே கேள்விதான். அவர்கள் சொல்லும் பதிலும் ஒன்றுதான், "எல்லாரும் சேர்ந்து பண்ணினதுதான், அடுத்த வாரம் இன்னும் நல்லாப் பண்ணுவோம்." ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகிறவனிடமும் ஓடிப் போய்க் கேட்பான். கடையில் அவனுக்கு வைத்த பெயர் 'உணர்ச்சி'. அதோடு விட்டானா? அவனுக்கு இடது எது, வலது எது என்றே தெரியவில்லை. வலது காலைப் பிடித்துக்கொண்டு ஆட்டக்காரன் புரளுகிறான், இவன் இடது காலில் அடி என்கிறான். வலது ஓரமாகப் பந்து போகிறது, இவன் இடது ஓரம் என்கிறான். கடை மொத்தமும் பார்க்கிறது, ஒரு ஆளுக்குக்கூடச் சந்தேகமில்லை.

ஒரே ஒரு முறை, அடுத்த கடைத் தையல்காரர் மட்டும் இழுத்தார். "எங்க வீட்டுல பார்க்கும்போது இடது கால் மாதிரிதான் இருந்துச்சு."

"உங்க வீட்டு டிவி பழசு," என்று ரெஃப்ரி தீர்ப்புச் சொன்னார்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றைக்குக் காலையில் டிவி நிலையத்துக்குக் கடிதம் எழுதுவார். "ஐயா, நேற்றைய ஆட்டத்தின் முப்பத்தேழாவது நிமிடத்தில்" என்று ஆரம்பித்தால் மூன்று பக்கம் ஓடும். கீழே 'உண்மையான ரசிகன்' என்று கையெழுத்து. விலாசம் கிடையாது. இரண்டு வருடத்தில் இப்படி எழுபது கடிதம் போயிருக்கும். போன மாதம் அனுப்பியதுதான் உச்சம். நடுக்கள ஆட்டக்காரன் ஒருவனுக்கு வலது முழங்காலில் பட்ட அடியை உணர்ச்சி 'இடது' என்று ஏழு தடவை சொன்னான். ரெஃப்ரிக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கடிதத்தில் கடைக்கு வந்தவர்கள் இருபத்துமூன்று பேரிடம் கையெழுத்து வாங்கினார். சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவரைக்கூட விடவில்லை.

அவருக்கு ஒரே மகள். கால்பந்து கிளப் ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். அடிபட்டவனுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுவாளே, அந்த வேலை. அவள் திரையில் வந்தால் ரெஃப்ரி கத்திரியை நிறுத்திவிடுவார். பெஞ்சு மொத்தமும் எழுந்து நிற்கும்.

அவள் ஒரு புதன்கிழமை சாப்பாட்டு மேஜையில் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கும் அவரைத் தெரியும். டிவியில பார்த்திருப்பீங்க."

"ஆட்டக்காரனா?" அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இல்லப்பா. மைதானத்துல நின்னு பேட்டி எடுப்பாரே, அவர்."

ரெஃப்ரி வாயில் போட்ட கவளம் அப்படியே நின்றது. மனைவி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். எழுபது கடிதத்துக்கும் தபால்தலை வாங்கி வந்தது அவள்தான்.

"அவனுக்கு இடது வலதே தெரியாதேம்மா," என்றார் கடைசியில்.

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீங்களும் அதையே சொல்றீங்களா? யாரோ ஒரு ஆளு ரெண்டு வருஷமா அதையே எழுதி எழுதி அவர் உயிரை எடுக்கிறான்ப்பா. போன மாசம் இருபத்துமூணு கையெழுத்தோட ஒரு மனு. மேலதிகாரி டேப்பைப் போட்டுப் பார்க்கவே இல்ல. ஆட்டத்தை முழுசாப் பார்க்கிற ஆளு அந்த நிலையத்துல ஒருத்தரும் கிடையாது. ஆனா கையெழுத்தை மட்டும் எண்ணிப் பார்த்திருக்காங்க. இந்த ஞாயித்துக்கிழமையோட அவரை மைதானத்துல இருந்து எடுத்துடறாங்க. அவர் மனசு விட்டுப்போய், கல்யாணப் பேச்சே வேண்டாம், எங்க அண்ணன் கூடப் போய் வேற ஏதாவது வேலை பார்க்கிறேன்னு நிக்கிறார்."

"அந்த முழங்கால்..." என்று ரெஃப்ரி மென்று முழுங்கினார். "வலதுதானே?"

"இடது. நான்தான் கட்டுப் போட்டேன்."

"நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"நான் என் ரெண்டு கையால தொட்டேன்ப்பா."

மனைவி பாத்திரங்களை எடுத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் உணர்ச்சியே கடைக்கு வந்தான். மகள்தான் அனுப்பியிருந்தாள். கையில் கத்திரி இருந்தால் அப்பாவுக்கு மனசு இளகும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. நேரில் பார்த்தால் திரையில் தெரிவதைவிட இன்னும் ஒல்லி. முடி வெட்டி நாலு மாதம் ஆகியிருக்கும். சோகத்தில் முதலில் கைவிடப்படுவது தலைதான் என்பது ரெஃப்ரிக்குத் தெரியும்.

"உட்காருங்க தம்பி," என்றார். குரலில் அவ்வளவு மரியாதை வந்தது அவருக்கே ஆச்சரியம்.

அவன் கைகளை நாற்காலிக் கைப்பிடியில் மல்லாத்தி வைத்தான். போர்த்துவதற்காகத் துணியை உதறிய ரெஃப்ரி அப்படியே நின்றுவிட்டார். இடது உள்ளங்கையில் நீல மையில் 'இடது' என்று எழுதியிருந்தது. வலது உள்ளங்கையில் 'வலது'.

"இது என்ன தம்பி?"

அவன் அசடு வழியச் சிரித்தான். "எனக்கு இடது வலதுல ஏதோ கோளாறு சார். ஒருத்தர் எழுதிட்டே இருந்தார். மைக்கைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்குவேன். டாக்டர்கிட்டகூடப் போனேன், கண்ணு நல்லாத்தான் இருக்குன்னார். டேப்பைப் போட்டுப் பார்த்தா நான் சொன்னதுதான் சரின்னு தோணுது. ஆனா இருபத்துமூணு பேர் பொய் சொல்வாங்களா சார்? எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு."

ரெஃப்ரி துணியைப் போர்த்தினார். கழுத்தில் முடிச்சை ஒரு தடவைக்கு இரண்டு தடவை போட்டார். பெஞ்சில் தையல்காரரும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். மூவரும் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கேடுகாலம், டிவியில் அந்த ஆட்டத்தையே மறு ஒளிபரப்பு செய்துகொண்டிருந்தார்கள். நடுக்கள ஆட்டக்காரன் விழுந்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டான். மகள் பையோடு ஓடி வந்தாள். பெஞ்சில் யாரும் எழுந்து நிற்கவில்லை.

நிருபர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "வலதுதான் சார்," என்றான். "இப்போ எனக்கே வலதாத் தெரியுது. அவங்க எழுதினது சரிதான்."

பிறகு துணிக்குள்ளிருந்து இடது கையை எடுத்துக் கண்ணாடிக்கு நேரே காட்டினான். எழுத்துகள் திரும்பித் தெரிந்தன. அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். காலால் தரையை உந்தினான். நாற்காலி சுழன்று டிவிக்கு நேரே நின்றது. பார்த்தான். மறுபடி உந்தி கண்ணாடிப் பக்கம் வந்தான். மறுபடி டிவி. துணி பறக்க அவன் மூன்று சுற்றுச் சுற்றி முடிக்கும்வரை ரெஃப்ரி கத்திரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"சார்," என்றான் அவன் மெதுவாக. "இந்தக் கடையில எல்லாரும் ஆட்டத்தைக் கண்ணாடியிலதான் பார்ப்பீங்களா?"

தையல்காரர் எழுந்தார். திரும்பி, தலையை அண்ணாந்து, பதினாறு வருடத்தில் முதல் முறையாக அந்த டிவியை நேருக்கு நேர் பார்த்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார். "என் டிவி பழசாம்."

ரெஃப்ரி கத்திரியைக் கீழே வைத்தார். இப்போதுகூடப் பூசி மெழுகியிருக்கலாம். கடிதத்தில் விலாசம் இல்லை, பெயர் இல்லை, கேட்க ஆளில்லை. பேசாமல் முடியை வெட்டி அனுப்பியிருந்தால் ஞாயிற்றுக்கிழமையோடு எல்லாம் முடிந்திருக்கும், மகள் கல்யாணமும் சேர்த்து. அந்த உள்ளங்கை மட்டும் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. வளர்ந்த மனிதன் ஒருவன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையில் எழுதிக்கொண்டு திரிந்திருக்கிறான், தன்னால்.

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, கடிதம் எழுதும் கோடு போட்ட மஞ்சள் தாளை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

"அந்த ஆளு நான்தான் தம்பி."

நிருபர் தாளைப் பார்த்தான். அந்த மஞ்சள் தாளை அவனுக்கு நன்றாகவே தெரியும். அவன் கத்துவான், எழுந்து போவான் என்று ரெஃப்ரி காத்திருந்தார். அவன் இரண்டு உள்ளங்கையையும் மடியில் விரித்து வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று நினைத்து ரெஃப்ரி துண்டை எடுத்தார். நிமிர்ந்தபோது பார்த்தால் சிரிக்கிறான், கண்ணெல்லாம் தண்ணீர்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா சார்?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் புத்தி இல்ல," என்றார் ரெஃப்ரி.

மறுநாள் சனிக்கிழமை. பதினாறு வருடத்தில் முதல் முறையாக ஒரு சனிக்கிழமை கடை பூட்டியிருந்தது. பிடரியைக் காட்டும் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ரெஃப்ரி டிவி நிலையத்துக்குப் போனார். மேலதிகாரியின் அறையில் ஓடிக்கொண்டிருந்த திரைக்கு எதிரே கண்ணாடியைப் பிடித்து, "இப்போ பாருங்க ஐயா," என்றார். அதிகாரி பார்த்தார். ஆட்டத்தை அவர் பார்த்தது அநேகமாக அதுவே முதல் தடவை. நிருபரை மைதானத்திலிருந்து எடுக்கும் உத்தரவை ரத்து செய்தார், பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அன்று மாலை ஆட்டத்துக்கு முன்னால் இந்த விஷயத்தையே ஒளிபரப்பிவிடலாம், நிருபரே பேட்டி எடுக்கட்டும் என்றார்.

மைதானத்து ஓரத்தில், பச்சைப் புல்லின் மேல், ரெஃப்ரியை நிறுத்தினார்கள். அத்தனை பெரிய மைதானத்தை அவர் நேராகப் பார்ப்பது இப்போதுதான். எல்லாம் இடம் மாறி இருப்பது போலத் தலை சுற்றியது. கொஞ்ச தூரத்தில் மகள் பையோடு நின்றாள். விஷயம் தெரிந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நிருபர் கையில் மை இல்லை. மைக்கை நீட்டினான். அவனுக்கும் படபடப்பு, வேறு எதுவும் வாயில் வரவில்லை போலிருக்கிறது.

"இப்போ எப்படி உணர்றீங்க?"

ரெஃப்ரி வாயைத் திறந்தார். வெட்கமாக இருந்தது. மகளுக்கு முன்னால் நிற்கப் பயமாக இருந்தது. இந்தப் பையனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இதையெல்லாம் ஒரு மைக்கில் எப்படிச் சொல்வது?

"அது வந்து..." என்றார். "எல்லாரும் சேர்ந்து பண்ணினதுதான். அடுத்த வாரம் இன்னும் நல்லாப் பண்ணுவோம்."

மகள் தூரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை அவர் பார்த்தார். அப்புறம் அவள் ஓடி வந்தாள்.

டிவி இன்னும் அதே சுவரில்தான் இருக்கிறது. வேறு இடம் இல்லையே. கண்ணாடியின் ஓரத்தில் மட்டும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: 'இங்கே இடதாகத் தெரிவது வலது'. எழுதிக் கொடுத்தவர் தையல்காரர். திங்கட்கிழமைக் கடிதமும் நிற்கவில்லை. கல்யாணம் முடிந்த வாரம் போன கடிதம் இது:

"அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நேற்று நாற்பத்தோராவது நிமிடத்தில் இடது கால் என்றீர்கள். இடது கால்தான். இரண்டு தடவை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஒரு வாடிக்கையாளருக்கு மீசை கொஞ்சம் கோணிவிட்டது, பரவாயில்லை. வர்ணனையாளர்கள் இன்னமும் கத்துகிறார்கள், அதைப் பற்றித் தனிக் கடிதம் வரும். உங்கள் அந்தக் கேள்வியைப் பற்றி இனி எழுத மாட்டேன். அதற்குப் பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தலைமுடி வளர்ந்துவிட்டது, திரையில் தெரிகிறது. வீட்டுக்கு வரும்போது கடைக்கும் வந்துவிட்டுப் போங்கள்."

கீழே, முதல் முறையாக, தன் பெயரை எழுதியிருந்தார்.