அப்பா என்னிடம் மட்டும் சொன்னது

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன், நான் ஒரு விசரன், சரியான மடையன். தன் சாம்பலை எங்கே கரைக்க வேண்டும் என்று அப்பா காரில் வைத்து என்னிடம் சொன்னபோது ரேடியோவில் கிரிக்கெட், கடைசி ஓவர். "ஓம் அப்பா, ஓம்" என்றேன். ஸ்கோர் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அப்பா போன மாதம் காலமானார். "எல்லாம் தம்பியிட்டைச் சொல்லியிருக்கிறன்" என்று அக்காவிடமும் அண்ணனிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார். சாம்பல் இங்கே, நாங்கள் குடியேறிய நகரத்தில், ஹென்டர்சனில் அக்கா வீட்டில் இருக்கிறது. ஊருக்கு, கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அக்காவின் கட்சி. நகரத்தின் மறுபக்கம் பாட்டனி டவுன்ஸில் இருக்கும் அண்ணனோ இங்கத்தைக் கடலே போதும் என்கிறார்.

"அப்பா என்னடா சொன்னவர்?" என்று அண்ணன் போனில் கேட்டார்.

"யோசிக்கிறன்."

"யோசிக்க என்ன கிடக்கு? நீ கேட்டனியோ இல்லையோ?"

பென்ரோஸ் கிடங்கில் என்னோடு வேலை செய்யும் யூதப் பெண்மணியிடம் சாப்பாட்டு நேரத்தில் இதைப் புலம்பினேன். "எங்களுக்கும் அதே கதைதான்" என்றார். வேதம் எழுத்தில் இருந்தாலும் அதன் விளக்கங்கள் ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் காதுக்கு மட்டுமே போகுமாம்; எழுதக்கூடாது என்பது வழக்கமாம். பிறகு அவர்களுடைய பெரிய கோயில் எரிந்தது. போர்களில் அறிஞர்கள் மடிந்தார்கள், மிஞ்சியவர்கள் சிதறினார்கள். எல்லாமே மறந்து போய்விடும் என்று பயந்து, ஒரு பெரியவர் கிடைத்ததையெல்லாம் திரட்டித் தொகுத்தாராம். இவர் இப்படிச் சொன்னார், அவர் மறுத்தார் என்று, எடுபடாத கருத்தையும் சொன்னவர் பெயரோடு சேர்த்து.

"எடுபடாததை ஏன் வைத்தார்கள்?"

"பின்னால் வருகிறவர்களுக்குத் தேவைப்படலாம் இல்லையா?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றே ஒரு கொப்பி வாங்கினேன். அக்கா சொல்வது ஒரு பக்கம், அண்ணன் சொல்வது ஒரு பக்கம். மூன்றாம் பக்கத்தில் 'அப்பா சொன்னது' என்று தலைப்பிட்டு அடிக்கோடும் இழுத்தேன், பெரிய தொகுப்பாசிரியர் மாதிரி. அதற்குமேல் பேனா நகரவில்லை. கண்ணை மூடினால் வர்ணனையாளர்தான் கத்துகிறார். அவர் குரலுக்கு அடியில் அப்பா ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார், மெதுவாக, என்னை நம்பி.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று அக்கா தவணை வைத்திருக்கிறார். வேறு போக்கிடம் இல்லாமல், கொப்பியை அந்தப் பெண்மணியிடமே நீட்டினேன்.

"ஒருவருக்குமே ஞாபகம் வராததை உங்கள் ஆட்கள் எந்தப் பக்கத்தில் எழுதினார்கள்?"

அவர் வெற்றுப் பக்கத்தைப் பார்த்தார்.

"எதிலும் இல்லை."